செம்பெயர்ச்சி 14 என்பதை எப்படி உறுதி செய்கிறார்கள்? மங்கலான ஒரு சிவப்புப் புள்ளியின் தொலைவு குறித்த ஐயம்

இரவுவானம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். ஹைட்ரஜன் நிறமாலைப் பாடத்தை ஒட்டி, ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி படமெடுத்த ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற விண்மீன் திரளைப் பற்றி வகுப்பில் பேசினோம். அதன் செம்பெயர்ச்சி, அதாவது பேரண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீண்டிருக்கும் அளவு, 14க்கு மேல் என்கிறார்கள். பெருவெடிப்புக்குப் பின் 30 கோடி ஆண்டுகள்கூட நிறைவடையாத காலத்தில் அதிலிருந்து ஒளி புறப்பட்டது என்று கூறியவுடன், ஒரு மாணவி எழுப்பிய ஐயத்தை அப்படியே இங்கு முன்வைக்கிறேன்.

படத்தில் தெரிவது சில பிக்சல்கள் அளவே உள்ள ஒரு சிவப்புப் புள்ளி. தூசி நிறைந்த அருகிலுள்ள திரளும் சிவப்பாகத்தான் இருக்கும். வயது முதிர்ந்த விண்மீன்களைக் கொண்ட திரளும் சிவப்பாகத்தான் இருக்கும். அப்படியிருக்க, இந்தப் புள்ளி மட்டும் மிகத் தொலைவில் இருப்பது என்று எதைக் கொண்டு முடிவு செய்கிறார்கள்? 2022ஆம் ஆண்டில் செம்பெயர்ச்சி 16க்கு மேல் என்று பேசப்பட்ட சீயர்ஸ்-93316 என்ற திரள் பின்னர் அவ்வளவு தொலைவில் இல்லை என்று தெரியவந்ததையும் படித்திருக்கிறேன். அதே நிலை இதற்கும் வராது என்று எப்படிச் சொல்வது? பேரண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள் எனும்போது, இத்திரள் 3,400 கோடி ஒளியாண்டுகள் தொலைவில் இருப்பதாகச் சில கட்டுரைகளில் வருவதையும் யாரேனும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

நிறமாலை எழுதியது:

வணக்கம் ஐயா. தங்கள் மாணவியின் ஐயம் முற்றிலும் நியாயமானது; ஆய்வாளர்களும் முதலில் இதையே தங்களுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். சிவப்பாக இருப்பது தொலைவுக்குச் சான்று ஆகாது. அவர்கள் உண்மையில் தேடுவது, ஒரு குறிப்பிட்ட அலைநீளத்துக்குக் கீழே ஒளி முழுவதுமாக அற்றுப்போகும் இடத்தைத்தான்.

தாங்கள் ஹைட்ரஜன் நிறமாலையை நடத்தியிருப்பதால் லைமன் வரிசையிலிருந்தே தொடங்கலாம். ஹைட்ரஜன் அணுவின் எலக்ட்ரான் முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு உயர 121.6 நானோமீட்டர் ஒளி தேவை. பேரண்டத்தின் முதல் நூறு கோடி ஆண்டுகளில் திரள்களுக்கு இடைப்பட்ட வெளியில் நடுநிலை ஹைட்ரஜன் பெருமளவில் நிறைந்திருந்ததால், ஒரு திரளிலிருந்து அந்த அலைநீளத்துக்கும் குறைவாகப் புறப்பட்ட ஒளி வழியிலேயே விழுங்கப்பட்டுவிடுகிறது. அதைவிட நீண்ட அலைநீள ஒளி மட்டும் தப்பி வருகிறது. பேரண்டம் விரிவதால் அந்த எல்லைக்கோடும் நீள்கிறது. செம்பெயர்ச்சி 14.18 என்றால் அலைநீளம் 15.18 மடங்கு நீண்டிருக்கும், 121.6ஐ 15.18 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,850 நானோமீட்டர், அதாவது 1.85 மைக்ரான். ஆகவே, 1.85 மைக்ரானுக்குக் கீழே எதுவுமே தெரியாமல், அதற்கு மேலே பளிச்சென்று தெரியும் பொருளைத் தேட வேண்டும்.

வெப் தொலைநோக்கியின் நியர்கேம் கருவி ஒரே வானப்பகுதியைப் பல வடிகட்டிகள் வழியாகப் படமெடுக்கிறது. இந்தத் திரள் 1.5 மைக்ரான் வடிகட்டியில் இல்லவே இல்லை, எல்லைக்கோடு 2 மைக்ரான் வடிகட்டியின் உள்ளேயே விழுவதால் அதில் ஒளி குறைவாகத் தெரிகிறது, 2.77 மைக்ரானில் முழுமையாகத் தெரிகிறது. இப்படி வடிகட்டிகளை ஒப்பிட்டுக் கணிக்கும் தொலைவு ஒரு மதிப்பீடு மட்டுமே என்பதால், அந்த நிலையில் அதை வேட்பாளர் என்றே அழைக்கிறார்கள். செய்திகளில் இந்தச் சொல் விடுபட்டுவிடும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

ஏனெனில் இதே தோற்றத்தை வேறு பொருள்களும் தரக்கூடும். ஹைட்ரஜனின் பால்மர் வரிசைக்கும் ஓர் எல்லை உண்டு, அது 364.6 நானோமீட்டரில் அமைகிறது. செம்பெயர்ச்சி 4 அளவிலுள்ள, முதிர்ந்த விண்மீன்களைக் கொண்ட ஒரு திரளில் அந்த எல்லையும் சரியாக 1.85 மைக்ரானில் வந்து விழும். நமது பால்வெளித் திரளிலேயே உள்ள, விண்மீனாகும் அளவுக்கு நிறையில்லாத பழுப்புக் குறுமீன்களும் சில வடிகட்டிகளில் இதுபோன்ற நிறத்தைக் காட்டும். இவற்றை வேறுபடுத்த ஒரு வழி உண்டு: பால்மர் எல்லைக்குக் கீழே ஒளி குறையுமே தவிர அற்றுப்போகாது, லைமன் எல்லைக்குக் கீழே அது அற்றே போய்விடும். குறைந்த ஒளிக்கும் இல்லாத ஒளிக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நிறுவ, திரள் தெரியாத வடிகட்டிகளில்தான் மிக நீண்ட நேரம் படமெடுக்க வேண்டியிருக்கிறது. வெற்றிடத்தைக் காட்டும் அந்தப் படங்களுக்குச் செலவாகும் நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை; ஆனால் தொலைவுக்கான வாதத்தைத் தாங்கி நிற்பவை அவையே.

சீயர்ஸ்-93316 நிகழ்வில் நடந்தது இன்னும் நுட்பமானது. அது செம்பெயர்ச்சி 4.9இல் உள்ள, தூசி நிறைந்த திரள். அதிலுள்ள அயனியாகிய ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் மிகப் பிரகாசமான உமிழ்வுக் கோடுகளைத் தருகின்றன. செம்பெயர்ச்சிக்குப் பின் ஆக்சிஜன் கோடு 2.95 மைக்ரானிலும், ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடு 3.87 மைக்ரானிலும் விழுந்து, நீண்ட அலைநீள வடிகட்டிகளை எல்லாம் கூடுதல் ஒளியால் நிரப்பிவிட்டன. குறைந்த அலைநீளங்களில் தூசி ஒளியை மறைத்தது. இரண்டும் சேர்ந்து, செம்பெயர்ச்சி 16இல் உள்ள நீல நிறத் திரளின் ஒளிப் பரவலை அப்படியே ஒத்திருந்தன. 2023இல் வெப்பின் நிறமாலைக் கருவியான நியர்ஸ்பெக் எடுத்த நிறமாலையில் அக்கோடுகள் வெளிப்படையாகத் தெரிந்ததும் ஐயம் தீர்ந்தது. அதே ஆய்வில் மேஸி திரள் என அழைக்கப்படும் மற்றொரு வேட்பாளரின் செம்பெயர்ச்சி 11.4 என்று உறுதியானது. ஒன்று விலக்கப்பட்டு மற்றொன்று நிலைபெற்றது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் மாணவர்களுக்கு முழுப் படமும் கிடைக்கும்.

ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 விஷயத்திலும் தொடக்கத்தில் ஐயம் இருந்தது. வானத்தில் அதற்கு மிக அருகிலேயே, அதைவிட நெருக்கத்தில் உள்ள வேறொரு திரள் தெரிகிறது. இரண்டும் அக்கம்பக்கத்தில் உள்ளவையாக இருக்கலாம் என்று கருதுவதற்கு இடமிருந்தது. அதனால் 2023 அக்டோபரில் அந்தப் பகுதியை மீண்டும் ஆழமாகப் படமெடுத்த பிறகு, 2024 ஜனவரியில் ஏறத்தாழ பத்து மணி நேரம் நியர்ஸ்பெக் மூலம் நிறமாலை எடுத்தார்கள். அந்தக் கருவியில் 0.1 மில்லிமீட்டர் அகலமும் 0.2 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட நுண்கதவுகள் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் உள்ளன. வேண்டிய திரள்களின் மேல் அமையும் கதவுகளை மட்டும் திறந்து மற்றவற்றை மூடிவிட்டால், பல பொருள்களின் நிறமாலைகளை ஒன்றோடொன்று கலக்காமல் ஒரே நேரத்தில் பதிவு செய்யலாம்.

குவியம் எழுதியது:

நிறமாலை அவர்களின் விளக்கத்துடன் ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். 1.85 மைக்ரான் என்ற எண்ணைப் பார்த்தாலே, இப்பணிக்கு ஹப்பிள் ஏன் போதவில்லை என்பது விளங்கும். ஹப்பிளின் அகச்சிவப்புப் படக்கருவி ஏறத்தாழ 1.7 மைக்ரானுடன் நின்றுவிடுகிறது. அந்த எல்லையை ஒட்டி அது செய்த பெரும் சாதனை ஜிஎன்-இசட்11. 2016இல் ஹப்பிளின் நிறமாலையைக் கொண்டு அதன் செம்பெயர்ச்சி 11.09 என அறிவித்தார்கள். பின்னர் வெப் உமிழ்வுக் கோடுகளைக் கொண்டு அதை 10.6 எனத் திருத்தியது. 2.4 மீட்டர் ஆடியைக் கொண்டு அவ்வளவு நெருக்கமாகக் கணித்ததை நான் பெரும் வெற்றியாகவே பார்க்கிறேன்.

வெப்பின் ஆடி 6.5 மீட்டர் என்பதைப் பலரும் சொல்கிறார்கள். ஆனால் இந்த ஆய்வுக்கு ஆடியின் அளவைப் போலவே அதன் குளிர்ச்சியும் முதன்மையானது. எந்தப் பொருளும் தன் வெப்பத்தால் அகச்சிவப்பில் ஒளிரும். தரையில் உள்ள தொலைநோக்கிக்கு வளிமண்டலத்தின் ஒளிர்வும் நீராவியின் உறிஞ்சுதலும் கூடுதல் தடை. அதனால்தான் வெப் புவியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில், ஐந்து அடுக்கு வெயில் தடுப்பின் நிழலிலேயே எப்போதும் இருக்கிறது. வெயில் படும் பக்கம் 85 பாகை செல்சியஸ் வரை சூடேறினாலும், ஆடி இருக்கும் பக்கம் மைனஸ் 230 பாகை அளவில் தானாகவே குளிர்ந்து கிடக்கிறது. நடு அகச்சிவப்புக் கருவியான மிரிக்கு அதுவும் போதாமல் தனியாகக் குளிரூட்டி வைத்திருக்கிறார்கள்.

பார்க்கும் திசையையும் வகுப்பில் குறிப்பிடலாம். பால்வெளியின் தூசியும் பிரகாசமான விண்மீன்களும் குறைந்த பகுதியைத் தேர்ந்தே இந்த ஆழ்நோக்கங்கள் நடைபெறுகின்றன. இத்திரள் உள்ள பகுதி, 2003-2004இல் ஹப்பிள் எடுத்த புகழ்பெற்ற அதியாழ் படத்தைச் சூழ்ந்த பகுதிதான். அது தென்வானில் ஃபோர்னாக்ஸ் விண்மீன் குழுவில் உள்ளது. டிசம்பர் இரவுகளில் சென்னையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 50 பாகை உயரத்தில் அப்பகுதி கடந்து செல்லும்.

இரவுவானம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நிறமாலை எடுத்தால் ஐயம் தீர்ந்துவிடும் என்று எடுத்துக்கொண்டு அத்திரளின் நிறமாலை வரைபடத்தைப் பார்த்தேன். அதில் சீயர்ஸ்-93316இல் கிடைத்ததைப் போன்ற பிரகாசமான கோடுகள் எதையும் காணவில்லை. முதலில் செம்பெயர்ச்சி 14.32 என்று அறிவித்துவிட்டு இப்போது 14.18 என்கிறார்கள். கோடுகளே இல்லாத நிறமாலையை எவ்வளவு நம்பலாம்?

நிறமாலை எழுதியது:

தாங்கள் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். அந்த வரைபடத்தை இடமிருந்து வலமாகப் படித்துப் பாருங்கள். 0.6 மைக்ரானில் தொடங்கி 1.8 மைக்ரான் வரை கோடு பூச்சியத்தை ஒட்டியே மேலும் கீழுமாக நடுங்கிக்கொண்டிருக்கிறது. அது கருவியின் இரைச்சல் மட்டுமே. 1.85 மைக்ரானை நெருங்கும்போது சட்டென்று எழுகிறது. பிறகு வலப்பக்கம் போகப் போக மெல்லத் தாழ்கிறது. அந்தத் தாழ்வு, திரளின் ஒளி இயல்பில் நீலமானது என்பதைக் காட்டுகிறது. தூசியால் சிவந்த திரளாக இருந்திருந்தால் வரைபடம் வலப்பக்கம் உயர்ந்துகொண்டே போயிருக்கும். செம்பெயர்ச்சி 4 அல்லது 5இல் உள்ள திரளாக இருந்திருந்தால், 2 முதல் 5 மைக்ரானுக்குள் ஆக்சிஜன், ஹைட்ரஜன் கோடுகள் முளைத்திருக்க வேண்டும். அவை இல்லாததும் இங்கே சான்றாகிறது. ஆகவே போலியாக இருக்கும் வாய்ப்பு இந்த நிறமாலையிலேயே விலகிவிட்டது என்பேன்.

துல்லியம் என்பது வேறு கேள்வி. எல்லைக்கோட்டைக் கொண்டு கணிக்கும்போது, அந்தக் கோடு செங்குத்தாக எழுகிறதா, சரிந்து எழுகிறதா என்பதைப் பொறுத்து விடை மாறும். திரளின் உள்ளேயும் சுற்றிலும் அடர்த்தியான நடுநிலை ஹைட்ரஜன் இருந்தால், அது 121.6 நானோமீட்டருக்குச் சற்று மேலுள்ள ஒளியையும் கொஞ்சம் உறிஞ்சி, எல்லையை வலப்பக்கமாகத் தேய்த்துவிடும். அப்போது செம்பெயர்ச்சி உண்மையைவிடக் கூடுதலாகத் தோன்றும். 14.32 என்ற மதிப்பை வெளியிட்டபோதே, கீழ்நோக்கி 0.20 வரை பிழை இருக்கலாம் என்று குறித்திருந்தார்கள், 14.18 அந்த எல்லைக்குள்தான் வருகிறது.

திருத்திய மதிப்பு முற்றிலும் வேறொரு கருவியிலிருந்து வந்தது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்தில் உள்ள அல்மா வானொலி அலைவாங்கிகள், இத்திரளில் இரு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனின் 88 மைக்ரான் கோட்டைக் கண்டறிந்தன. அது நீண்டு 1.34 மில்லிமீட்டரில் வந்து சேர்ந்தது. நெதர்லாந்தின் லைடன் நகரிலிருந்து ஒரு குழுவும் இத்தாலியின் பீசா நகரிலிருந்து மற்றொரு குழுவும் இதனை ஆராய்ந்து, 2025 மார்ச்சில் முடிவுகளை அறிவித்தன. ஒரே ஒரு கோடு என்றாலும், வெப் காட்டிய எல்லையும் அல்மா காட்டிய கோடும் ஒரே செம்பெயர்ச்சியில் வந்து பொருந்துகின்றன. தங்கள் மாணவிக்கு நான் தரும் விடை இதுதான்: படம் ஐயத்தை எழுப்பும், நிறமாலை போலிகளை விலக்கும், தொடர்பில்லாத இரண்டாவது சான்று கிடைக்கும்போதே எண் நிலைபெறும்.

அங்கே ஆக்சிஜன் இருந்ததே ஒரு வியப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெருவெடிப்பில் ஆக்சிஜன் உருவாகவில்லை. விண்மீன்களின் உள்ளே உருவாகி, அவை வெடித்த பின்னரே வெளியேறும். 30 கோடி ஆண்டுகளுக்குள் ஒரு தலைமுறை விண்மீன்கள் பிறந்து மடிந்திருக்கின்றன. செம்பெயர்ச்சி 14.44 கொண்ட மாம்-இசட்14 என்ற திரளை 2025 மே மாதம் வேறொரு குழு அறிவித்திருப்பதால், தொலைவில் முதலிடம் இப்போது அதற்குரியது.

எண்கணியன் எழுதியது:

3,400 கோடி ஒளியாண்டுகள் குறித்த கேள்விக்கு விடை இன்னும் வரவில்லை என்பதால் எழுதுகிறேன். இங்கே மூன்று எண்கள் கலந்துவிடுகின்றன. ஒளி பயணம் செய்த காலம் ஏறத்தாழ 1,350 கோடி ஆண்டுகள். அந்த ஒளி வந்துகொண்டிருந்த காலம் முழுவதும் இடைவெளி விரிந்துகொண்டே இருந்ததால், அத்திரள் இன்று இருக்கும் தொலைவு ஏறத்தாழ 3,400 கோடி ஒளியாண்டுகள். இந்த எண்ணை 15.18 ஆல் வகுத்தால், ஒளி புறப்பட்ட பொழுதில் இருந்த தொலைவு கிடைக்கும்: ஏறத்தாழ 220 கோடி ஒளியாண்டுகள் மட்டுமே.

மூன்றாவது எண்ணுக்கு ஒரு விந்தையான விளைவு உண்டு. வானத்தில் ஒரு பொருள் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை, ஒளி புறப்பட்டபோது இருந்த தொலைவுதான் முடிவு செய்கிறது. செம்பெயர்ச்சி ஏறத்தாழ 1.6 வரை போகப் போகத் திரள்கள் சிறியனவாகத் தோன்றும். அதன் பின்னர் மீண்டும் பெரியனவாகத் தோன்றத் தொடங்கும். ஒரே அளவுள்ள இரண்டு திரள்களில், செம்பெயர்ச்சி 14இல் உள்ளது, 1.6இல் உள்ளதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரிதாகத் தெரியும். 1,600 ஒளியாண்டுகள் மட்டுமே அகலமுள்ள இத்திரளை வெப் ஒரு புள்ளியாக அல்லாமல், அகலமுள்ள ஒரு பொருளாகப் பிரித்துக் காண முடிந்ததற்கு இது துணைநின்றது. அது ஒரு கருந்துளையின் ஒற்றை ஒளிப்புள்ளி அல்ல, பெரும்பாலும் விண்மீன்களின் ஒளிதான் என்று சொல்ல முடிவதும் அந்த அகலத்தால்தான்.

ஆனால் பரப்பு ஒளிர்வு, 1 கூட்டல் செம்பெயர்ச்சியின் நான்காம் அடுக்கில் குறைகிறது. 15.18இன் நான்காம் அடுக்கு ஏறத்தாழ 53,000. பெரிதாகத் தெரிந்தாலும் அத்தனை மடங்கு மங்கிவிடுகிறது; பத்து மணி நேரம் ஒளியைச் சேர்க்க வேண்டியிருந்ததன் காரணம் இதுதான்.

தென்வானோடி எழுதியது:

நிறத்தையும் நிறமாலையையும் சாராமல், வடிவியலைக் கொண்டே தொலைவைச் சோதிக்கும் ஒரு வழியும் இருக்கிறது. நமக்கும் தொலைதூரத் திரளுக்கும் இடையே நிறைமிக்க ஒரு திரள்கொத்து இருந்தால், அதன் ஈர்ப்பு பின்னாலுள்ள ஒளியை வளைத்து, ஒரே திரளைப் பல இடங்களில் காட்டும். பின்னாலுள்ள திரள் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அதற்கேற்ப அந்தப் பிம்பங்களுக்கு இடையேயான கோணம் மாறும். ஏபெல் 2744 என்ற திரள்கொத்துக்குப் பின்னால் மூன்று பிம்பங்களாகத் தெரியும் ஜேடி1 என்ற திரளை, ஹப்பிள் படங்களைக் கொண்டு 2014இல் இந்த முறையிலேயே செம்பெயர்ச்சி 10 அளவில் இருக்கும் என்று கணித்தார்கள். பின்னர் வெப் எடுத்த நிறமாலையில் 9.79 என்று வந்தது. இந்த எடுத்துக்காட்டு இயற்பியல் வகுப்புக்கு மிகவும் பொருந்தும்.

அதே ஏபெல் 2744க்குப் பின்னால்தான் யுஎச்இசட்1 என்ற திரளும் உள்ளது. செம்பெயர்ச்சி ஏறத்தாழ 10.1. அதன் மையத்தில் வளரும் கருந்துளையின் எக்ஸ் கதிர்களைச் சந்திரா விண்வெளித் தொலைநோக்கி பதிவு செய்ததை 2023 நவம்பரில் அறிவித்தார்கள். கருந்துளையின் நிறை அத்திரளின் விண்மீன்களுடைய மொத்த நிறைக்கு ஈடாக இருந்தது. இத்தகைய திரள்கள் இருக்கக்கூடும் என்று 2017இலேயே முன்கணித்த குழுவை வழிநடத்தியவர், கோயம்புத்தூரில் பிறந்து யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் பிரியம்வதா நடராஜன்.

லைமன் எல்லை குறித்து நிறமாலை அவர்கள் எழுதியதற்கு ஒரு துணைக் குறிப்பு. அந்த இருட்டடிப்பு தொடக்கக் காலத்துக்கு உரியது. எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. செம்பெயர்ச்சி 1.42இல் உள்ள ஏயுடிஎஃப்எஸ்01 என்ற திரளிலிருந்து, ஹைட்ரஜன் அணுவை அயனியாக்கக்கூடிய, 91.2 நானோமீட்டருக்கும் குறைவாகப் புறப்பட்ட புற ஊதா ஒளியை நமது இந்திய விண்வெளித் தொலைநோக்கியான ஆஸ்ட்ரோசாட் பதிவு செய்திருக்கிறது. புனேயில் உள்ள ஐயூக்கா வானியல் மையத்தின் ஆய்வாளர்கள் தலைமையில் 2020இல் அம்முடிவு வெளிவந்தது. அந்தக் காலத்தில் திரள்களுக்கு இடைப்பட்ட ஹைட்ரஜன் பெரும்பாலும் அயனியாகிவிட்டதால் ஒளிக்கு வழி கிடைத்தது. எப்போது, எவற்றின் ஒளியால் ஹைட்ரஜன் அயனியானது என்பதை அறியவே செம்பெயர்ச்சி 14 வரை தேடிப் போகிறார்கள்.

குவியம் எழுதியது:

வகுப்பில் செய்து பார்க்க ஒரு யோசனை. பால்டிமோரில் உள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனத்தின் மாஸ்ட் தரவகத்தில், இத்திரளைக் கண்டறிந்த ஜேட்ஸ் ஆய்வுக் குழு வெளியிட்ட படங்களும் நிறமாலைகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஃபிட்ஸ் வடிவிலுள்ள படங்களை டிஎஸ்9 என்ற இலவச மென்பொருளில் திறந்து, ஒரே இடத்தை 1.5, 2, 2.77 மைக்ரான் வடிகட்டிகளில் அடுத்தடுத்து மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். திரள் மறைவதும் தோன்றுவதும் கண்ணுக்கே தெரியும். அதன் பிறகு நிறமாலை வரைபடத்தை அச்சிட்டுக் கொடுத்து, எழுச்சி தொடங்கும் அலைநீளத்தை அளவுகோலால் அளந்து 0.1216 ஆல் வகுத்து ஒன்றைக் கழிக்கச் சொல்லலாம். 1.85 என்று அளந்தவருக்கு 14.2 வரும், 1.87 என்று அளந்தவருக்கு 14.4 வரும். 14.32 எப்படி 14.18 ஆனது என்பதைத் தனியாக விளக்க வேண்டிய தேவை அப்போது இருக்காது.